அமெரிக்காவில் தோட்டா விற்பனைக் கடை தொடங்குதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் கேஸ் ஸ்டேஷன், பலசரக்குக் கடை, மீன்பிடிப் பொருள் கடை போன்றவற்றை நடத்தும் நம்மவர்களில் சிலர், வேட்டைப் பருவத்தில் வாடிக்கையாளர்கள் தோட்டாவும் கேட்கிறார்கள் என்பதால் அந்த வணிகத்தில் இறங்கலாமா என்று யோசிக்கிறார்கள். தோட்டாவுக்கென்றே தனிக் கடை திறக்க விரும்புபவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் எழுப்பும் கேள்விகளுக்கான விடைகள் கீழே உள்ளன. சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், முதலீடு செய்வதற்கு முன் உங்கள் மாநிலத்தில் இந்தத் துறையை அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரமாவது பேசிவிடுங்கள். அந்தக் கட்டணத்தையும் கடையின் தொடக்கச் செலவில் ஒன்றாகவே கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

தோட்டா மட்டும் விற்பதற்கு ஃபெடரல் அரசின் உரிமம் தேவையா?

தேவையில்லை. பலருக்கும் வியப்பளிக்கும் பதில் இது. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோட்டா விற்பவர்களும் உரிமம் பெற வேண்டும், விற்பனையைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று விதித்திருந்தது. துப்பாக்கி உரிமையாளர் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தபோது அந்த இரண்டு கடமைகளும் நீக்கப்பட்டன. எனவே, ஆயத்தத் தோட்டாவை மொத்த விற்பனையாளரிடம் வாங்கிச் சில்லறையாக விற்கும் கடைக்கு இன்று, துப்பாக்கி, வெடிபொருள் வணிகத்தைக் கண்காணிக்கும் ஃபெடரல் அமைப்பான ஏ.டி.எஃப்.-இன் உரிமம் வேண்டியதில்லை. தோட்டாவைத் தயாரித்து விற்பவருக்கும், வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்பவருக்கும் உரிமம் கட்டாயம். கவசத்தைத் துளைக்கும் வகைத் தோட்டாக்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளன. அவற்றைப் பொதுச் சில்லறைக் கடை தொடாமல் இருப்பதே சரி.

உரிமம் வேண்டாம் என்று கேட்டதும் பலர் நிம்மதி அடைகிறார்கள். என் கருத்தில் இந்தத் தொழிலின் மிகப் பெரிய ஆபத்தே அதில்தான் இருக்கிறது. உரிமம் பெறும் துப்பாக்கிக் கடைக்காரரிடம் ஓர் ஆய்வாளர் வந்து உட்கார்ந்து விதிகளை விளக்குகிறார். படிவங்களும் அவருக்கு எல்லையைக் காட்டிக்கொண்டே இருக்கின்றன. தோட்டா மட்டும் விற்பவருக்கு அப்படிச் சொல்லித்தர யாரும் வருவதில்லை. குற்றவியல் பொறுப்பு மட்டும் முழுமையாக அவர் தலையில் இருக்கிறது.

அப்படியென்றால் யாருக்கு விற்கக் கூடாது?

ஃபெடரல் குற்றவியல் சட்டத்தின் 922ஆம் பிரிவு, தடைசெய்யப்பட்டவர் என்று தெரிந்தோ, அப்படி நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தோ ஒருவருக்குத் துப்பாக்கியையோ தோட்டாவையோ விற்பதைக் குற்றமாக்குகிறது. உரிமம் பெற்ற வணிகர், உரிமம் பெறாத வணிகர் என்ற வேறுபாடு இங்கே கிடையாது. ஓராண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் தண்டிக்கப்பட்டவர், நீதியிலிருந்து தப்பி ஓடிக்கொண்டிருப்பவர், சட்டவிரோதமாகப் போதைப்பொருள் பயன்படுத்துபவர், மனநலக் காரணத்தால் நீதிமன்றம் போன்ற அமைப்பால் தகுதியற்றவர் எனத் தீர்மானிக்கப்பட்டவர், படையிலிருந்து அவமதிப்புடன் விலக்கப்பட்டவர், அமெரிக்கக் குடியுரிமையைத் துறந்தவர், குடும்ப வன்முறை தொடர்பான சிறு குற்றத்தில் தண்டனை பெற்றவர், சில வகைப் பாதுகாப்பு ஆணைகளுக்கு உட்பட்டவர், சட்டவிரோதமாக நாட்டில் இருப்பவர் ஆகியோர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள். இதை மீறினால் கிடைக்கக்கூடிய அதிகபட்சச் சிறைத்தண்டனையை 2022ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் 10 ஆண்டுகளிலிருந்து 15 ஆண்டுகளாக உயர்த்திவிட்டது.

பெரும்பாலான மாநிலங்களில் தோட்டா வாங்குபவரின் பின்னணியைச் சோதிக்கும் வசதி கடைக்காரருக்கு இல்லை. ஆகவே முகம், பேச்சு, நடத்தை ஆகியவற்றில் தெரிவதை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. “எனக்கு வாங்க முடியாது, நண்பன் பெயரில் எடுத்துக்கொள்கிறேன்” என்று ஒருவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டால், அந்த ஒரு வாக்கியமே நியாயமான காரணம் ஆகிவிடக்கூடும். கஞ்சா விற்பனையை அனுமதிக்கும் மாநிலங்களில் இது இன்னும் சிக்கலானது. மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் ஃபெடரல் சட்டத்தில் அந்தப் பயன்பாடு சட்டவிரோதமே என்று ஏ.டி.எஃப். 2011இலேயே உரிமதாரர்களுக்கு எழுதிய திறந்த கடிதத்தில் தெளிவுபடுத்தியது. மருத்துவக் கஞ்சா அட்டையை அடையாளச் சான்றாக மேசைமேல் வைப்பவருக்குத் தோட்டா விற்கக் கூடாது.

மாநிலச் சட்டங்கள் இந்தப் பட்டியலை மேலும் நீட்டக்கூடும். டெக்சாஸில் தோட்டா விற்பனைக்கென்று மாநில உரிமம் எதுவும் இல்லை. ஆனாலும் குடிபோதையில் இருப்பவருக்கு அறிந்தோ பொறுப்பின்றியோ தோட்டா விற்பது அங்கே குற்றம். பீரும் தோட்டாவும் ஒரே கடையில் விற்பவர்கள் இதை ஊழியர்களுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். இந்தக் கடையைத் தொடங்கலாமா, அல்லது தோட்டா வாங்கலாமா?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்மவர்கள் அறியாமல் குற்றத்தில் சிக்கக்கூடிய இடம் இதுதான். குடியேற்றம் சாராத விசாவில், அதாவது எச்-1பி, எச்-4, எஃப்-1, எல்-1 போன்றவற்றில் அமெரிக்காவுக்குள் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை ஃபெடரல் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. சட்டப்படி நாட்டில் இருக்கிறார், வரி செலுத்துகிறார் என்பது இதில் பொருட்டல்ல. விதிவிலக்குகள் சில உண்டு. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் முக்கியமானது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெளிவாகின்றன. முதலாவதாக, தற்காலிக விசாவில் இருப்பவர் தோட்டா இருப்பைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பதே சிக்கல். பெட்டியைக் கையால் தொடவில்லை, சாவி மட்டுமே தன்னிடம் இருக்கிறது என்ற வாதம் காப்பாற்றாது. அந்த விசாவில் சொந்தக் கடையில் வேலை செய்யலாமா என்ற குடியேற்றச் சட்டக் கேள்வி வேறு இருக்கிறது. மனைவி பெயரில் கடையைப் பதிவு செய்துவிட்டுக் கணவர் கல்லாவில் உட்காருவது போன்ற ஏற்பாடுகளை வழக்கறிஞரிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கருத்துக் கேட்காமல் செய்யாதீர்கள். இரண்டாவதாக, உங்கள் கடைக்கு வரும் நண்பர் ஒருவர் எச்-1பி விசாவில் இருப்பது உங்களுக்குத் தெரியும், அவரிடம் வேட்டை உரிமம் இல்லை என்பதும் தெரியும் என்றால், பழக்கத்துக்காக ஒரு பெட்டி கொடுத்தால்கூடக் குற்றம் இருவர் மேலும் வரும்.

வாங்குபவருக்கு எத்தனை வயது ஆகியிருக்க வேண்டும்?

நீங்கள் ஃபெடரல் உரிமதாரரா இல்லையா என்பதைப் பொறுத்து ஃபெடரல் விதி மாறுகிறது. உரிமதாரராக இருந்தால், ரைபிளுக்கும் ஷாட்கன்னுக்குமான தோட்டாவை 18 வயது நிறைந்தவருக்கும், கைத்துப்பாக்கித் தோட்டாவை 21 வயது நிறைந்தவருக்கும் மட்டுமே விற்கலாம். .22 ரிம்ஃபயர் போன்று இரண்டு வகைத் துப்பாக்கியிலும் போடக்கூடிய தோட்டாவை 18 முதல் 20 வயது வரை உள்ளவர் கேட்டால், அது ரைபிளில் பயன்படுத்தவே என்று உரிமதாரருக்குத் திருப்தி ஏற்பட்டால் விற்கலாம். இந்த வயது வரம்புகளை எதிர்த்து நீதிமன்றங்களில் வழக்குகள் நடைபெறுகின்றன.

உரிமம் இல்லாத கடைக்கு ஃபெடரல் சட்டம் விதிப்பது இதைவிடக் குறைவு. கைத்துப்பாக்கியில் மட்டுமே பயன்படும் தோட்டாவை 18 வயதுக்கு உட்பட்டவருக்கு விற்கக் கூடாது என்பதோடு அது நின்றுவிடுகிறது. மீதியை மாநிலச் சட்டத்துக்கே விட்டுவிட்டது. இந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கடைக்காரரும் நினைக்கக் கூடாது என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2018இல் டெக்சாஸ் மாநிலம் சாண்டா ஃபே உயர்நிலைப் பள்ளியில் 10 பேரைக் கொன்ற மாணவனுக்கு அப்போது வயது 17. அவன் தோட்டாவை இணையக் கடை ஒன்றில் வாங்கியிருந்தான். அந்தக் கடை வயதைச் சரிபார்க்கவில்லை என்று பாதிக்கப்பட்ட குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. 2023இல் ஏற்பட்ட சமரசத்தில் வயதைச் சரிபார்க்கும் முறையைப் பின்பற்ற அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. பிறந்த தேதி உள்ள அரசு அடையாள அட்டையைப் பார்க்காமல் ஒரு பெட்டிகூடக் கைமாறக் கூடாது என்பதைக் கடையின் விதியாக எழுதி ஒட்டுங்கள். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு 21 என்ற வரம்பை நீங்களாகவே வைத்துக்கொண்டால் ஊழியருக்கும் குழப்பம் இராது.

எந்தெந்த மாநிலங்களில் தனி உரிமமோ பின்னணிச் சோதனையோ தேவைப்படுகிறது?

முழுப் பட்டியல் தருவதைவிட முக்கியமான சிலவற்றை விளக்குகிறேன். மிகக் கடுமையானது கலிஃபோர்னியா. 2016இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 63ஆம் முன்மொழிவின் தொடர்ச்சியாக, 2018 ஜனவரி முதல் தோட்டா விற்பனையாளர் மாநில நீதித் துறையின் உரிமம் பெற வேண்டும். 2019 ஜூலை முதல் ஒவ்வொரு வாங்குபவருக்கும் பின்னணிச் சோதனை நடக்கிறது. விற்பனை நேருக்கு நேராக நடக்க வேண்டும். இணையத்தில் வாங்கினாலும் உரிமம் பெற்ற கடை வழியாகத்தான் பொருள் கைக்கு வர வேண்டும். வாடிக்கையாளர் தானாக எடுக்கும்படி அலமாரியில் வைக்கக் கூடாது. தோட்டாவைக் கையாளும் ஊழியருக்கும் தகுதிச் சான்றிதழ் தேவை. மாநிலத் துப்பாக்கி வணிகர் உரிமம் ஏற்கெனவே உள்ளவர் தோட்டா விற்பனையாளராகவும் கருதப்படுகிறார். இந்தப் பின்னணிச் சோதனை விதி அரசியலமைப்புக்கு முரணானது என்று 2024 ஜனவரியில் மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில நாட்களிலேயே மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. அதன் பிறகும் சட்டப் போராட்டம் நீண்டுகொண்டே இருக்கிறது. அங்கே கடை திறப்பவர் அன்றைய நிலையை மாநில நீதித் துறையின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நியூயார்க்கில் தோட்டா விற்பவர் மாநிலக் காவல்துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டின் சட்டம் விதித்த பின்னணிச் சோதனை, பத்தாண்டு தாமதத்துக்குப் பிறகு 2023 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. மாசசூசெட்ஸில் விற்பவருக்கு உரிமமும், வாங்குபவருக்குத் துப்பாக்கி அடையாள அட்டை அல்லது உரிமமும் வேண்டும். இல்லினாயில் ‘ஃபாய்டு’ எனப்படும் துப்பாக்கி உரிமையாளர் அடையாள அட்டை, கனெடிகட்டில் தோட்டாச் சான்றிதழ் அல்லது அதற்கு இணையான அனுமதி ஆகியவற்றை வாங்குபவர் காட்ட வேண்டும். நியூ ஜெர்சியில் கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கும் இப்படியே. இவற்றைத் தவிர்த்த பெரும்பான்மை மாநிலங்களில் வழக்கமான வணிகப் பதிவும் விற்பனை வரி அனுமதியும் போதுமானவையாக இருக்கின்றன.

தேவையில்லை என்றாலும் துப்பாக்கி வணிகர் உரிமம் எடுத்துக்கொள்வது நல்லதா?

தோட்டாவே முதன்மை வணிகம் என்றால் எடுப்பதே நல்லது என்பேன். மொத்த விற்பனையாளர்களில் பலர் ஃபெடரல் உரிமதாரருக்கு மட்டுமே கணக்குத் திறக்கிறார்கள். தோட்டா வாங்க வருபவர் துப்பாக்கியும் கேட்பார். துப்பாக்கியை வேறு மாநிலத்திலிருந்து வரவழைத்துத் தரும் பரிமாற்றக் கட்டணமும் ஒரு வருமானம். முதலாம் வகை உரிமத்துக்கு 3 ஆண்டுகளுக்கு 200 டாலர், புதுப்பிக்க 90 டாலர்.

ஏ.டி.எஃப். அமைப்பின் 7ஆம் எண் படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பதாரர் 21 வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். பொறுப்புள்ள ஒவ்வொருவரும் கைரேகையும் புகைப்படமும் தர வேண்டும், விண்ணப்பத்தின் நகலை உள்ளூர்க் காவல்துறைத் தலைவருக்கு அனுப்ப வேண்டும். பின்னர் ஆய்வாளர் நேரில் வந்து பேசுவார். முழுமையான விண்ணப்பம் கிடைத்த 60 நாட்களுக்குள் முடிவு தர வேண்டும் என்பது சட்டம். உரிமம் வந்த பிறகு 12 மாதங்களுக்கு ஒருமுறை முன்னறிவிப்பின்றியும் ஆய்வுக்கு வரலாம். துப்பாக்கி விற்பனைப் பதிவேட்டில் ஒரு வரி தவறினாலும் அது உங்கள் பெயரில் நிற்கும். அந்த ஒழுங்குக்கு நேரம் ஒதுக்க முடியாதவர், துப்பாக்கியைத் தொடாமல் தோட்டாவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

பயன்படுத்திய பித்தளைக் கூடுகளை மீண்டும் நிரப்பி விற்கலாமா?

சொந்தப் பயன்பாட்டுக்கு நிரப்பிக்கொள்ள உரிமம் வேண்டாம். லாபத்துக்காக நிரப்பி விற்றால் நீங்கள் உற்பத்தியாளர். அதற்கு ஆறாம் வகை உரிமம் தேவை; அதன் கட்டணம் 3 ஆண்டுகளுக்கு வெறும் 30 டாலர்தான். கட்டணம் குறைவு என்பதால் பலர் இதை எளிதாக நினைக்கிறார்கள். ஆனால் உற்பத்தியாளர் ஆனதும் 11 சதவீத ஃபெடரல் கலால் வரி வருகிறது. அதோடு, வெடிமருந்து கூடிப்போன ஒரே ஒரு தோட்டா ஒருவருடைய துப்பாக்கியை அவர் கையிலேயே வெடிக்க வைத்தால், அதற்கான பொறுப்பும் நேராக உங்களிடம் வந்து சேரும். சில்லறைக் கடையின் முதல் சில ஆண்டுகளில் இதில் இறங்குவதை நான் பரிந்துரைக்கவில்லை.

தோட்டா, வெடிமருந்து, பிரைமர் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) ஆகியவற்றை எப்படிச் சேமிக்க வேண்டும்?

ஆயத்தத் தோட்டா மக்கள் அஞ்சும் அளவுக்கு ஆபத்தான சரக்கு அல்ல. துப்பாக்கிக் குழலுக்கு வெளியே தீயில் வெடிக்கும் தோட்டாவின் குண்டு, சுடும்போது பாய்வதைப் போல வேகத்துடன் பாய்வதில்லை. பணியிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, கடையில் வைக்கும் சிறு ஆயுதத் தோட்டாவின் அளவுக்கு வரம்பே விதிக்கவில்லை. விதிப்பது பிரிவினையைத்தான்: எளிதில் தீப்பற்றும் திரவம், திடப்பொருள், ஆக்சிஜனேற்றி ஆகியவற்றிலிருந்து, ஒரு மணி நேரம் தீயைத் தாங்கும் சுவர் அல்லது 25 அடி தூரம் இருக்க வேண்டும். கேஸ் ஸ்டேஷன் நடத்துபவர்கள் இங்கே நின்று யோசிக்க வேண்டும். கேம்பிங் அடுப்பு எரிபொருள், பெயின்ட் தின்னர், கரி பற்றவைக்கும் திரவம் எல்லாம் எந்த அலமாரியில் இருக்கின்றன? தோட்டா அலமாரிக்கு அடுத்த வரிசையில் அவை இருப்பது பல சிறு கடைகளில் காணக்கூடிய காட்சி.

புகையிலா வெடிமருந்தைத் தனியாக விற்பவருக்கு விதிகள் இறுகுகின்றன. 20 பவுண்டுக்கு மேல் 100 பவுண்டு வரையிலான வணிக இருப்பை, குறைந்தது ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப் பெட்டிகளில் வைக்க வேண்டும் என்கிறது ஓஷா விதி. கரும்பொடி என்னும் பழைய வகை வெடிமருந்தை விற்க, ஏ.டி.எஃப். அமைப்பின் தனி வெடிபொருள் உரிமமும் அதற்குரிய கிடங்கும் வேண்டும். இவற்றுக்கு மேலாக, உங்கள் நகரம் பின்பற்றும் தீயணைப்பு விதித் தொகுப்பு வேறாக இருக்கலாம் என்பதால், அலமாரி வாங்குவதற்கு முன்பே தீயணைப்பு அதிகாரியை அழைத்து இடத்தைக் காட்டிவிடுங்கள். அலமாரிகளை அடித்து முடித்த பிறகு இடம் மாற்றச் சொன்னால் செலவு இரட்டிப்பாகும்.

இன்னொரு செய்தி: பிரைமர், வெடிமருந்து, பித்தளைக் கூடு, குண்டு ஆகிய உதிரிகளும் ஃபெடரல் சட்டத்தின் வரையறையில் ‘தோட்டா’வே. மேலே சொன்ன வயது, தடை விதிகள் இவற்றுக்கும் பொருந்தும்.

இடத்தைத் தேர்வு செய்யும்போது எதைப் பார்க்க வேண்டும்?

நகரத்தின் நிலப் பயன்பாட்டு விதி அந்த இடத்தில் தோட்டா விற்பனையை அனுமதிக்கிறதா என்று எழுத்தில் பெறுங்கள். வாடகை ஒப்பந்தத்தில் ‘அபாயகரமான பொருள்’ விற்கக் கூடாது என்ற பொதுவான வரி இருந்தால், தோட்டாவுக்கு வெளிப்படையான அனுமதியை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். பள்ளி, வழிபாட்டிடம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றுக்கு அருகிலுள்ள இடத்துக்கு உள்ளூர் எதிர்ப்பு வருவது இயல்பு.

எடையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 9 மி.மீ. தோட்டா 1,000 அடங்கிய ஒரு பெட்டி ஏறக்குறைய 12 கிலோ இருக்கும். அப்படி ஐம்பது பெட்டி அடுக்கினால் அரை டன்னைத் தாண்டிவிடும். பழைய மரத் தளமுள்ள கட்டடத்தில் இதைச் சுவரோரம் ஒரே இடத்தில் குவிக்கக் கூடாது. திருட்டைத் தடுக்க வலுவான கதவு, எச்சரிக்கை மணி, கேமரா ஆகியவற்றோடு, இரவில் இருப்பைப் பூட்டிவைக்கும் தனி அறையும் இருந்தால் காப்பீட்டுக் கட்டணம் குறைய வாய்ப்புண்டு.

வங்கியும் கார்டு நிறுவனமும் கணக்கு மறுப்பார்களா?

மறுக்கலாம். இணையத்தில் சில நிமிடங்களில் கணக்குத் திறக்கும் பிரபலப் பணப்பரிமாற்றச் சேவைகளில் பல, தோட்டா விற்பனையைத் தம் விதிகளில் தடைசெய்திருக்கின்றன. பொய்யான வணிக வகையைக் காட்டிக் கணக்குத் திறந்தால், ஒரு நாள் உங்கள் விற்பனைப் பணம் முடக்கப்படும். வணிகத்தின் தன்மையை முதலிலேயே சொல்லி, இத்துறைக்குச் சேவை செய்யும் நிறுவனத்தைத் தேடுங்கள். கட்டணம் சற்றுக் கூடினாலும் பரவாயில்லை. துப்பாக்கி, தோட்டாக் கடைகளுக்கென்று 5723 என்ற வணிகக் குறியீடு 2022இல் ஏற்கப்பட்டது. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் அதைப் பயன்படுத்தச் சொல்கின்றன; ஃபுளோரிடாவும் டெக்சாஸும் அதைத் தடுத்துச் சட்டம் இயற்றியிருக்கின்றன.

காப்பீட்டிலும் இதே எச்சரிக்கை தேவை. ஏற்கெனவே உள்ள பலசரக்குக் கடையின் பொதுக் காப்பீட்டில் துப்பாக்கி, தோட்டா தொடர்பான இழப்பு விலக்கப்பட்டிருக்கிறதா என்று முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எவ்வளவு முதலீடு, எந்தச் சரக்கு?

லாப விளிம்பு குறுகியது. பெரும் சங்கிலிக் கடைகளும் இணையக் கடைகளும் மொத்தமாக வாங்கி விலையைக் கீழே இழுக்கின்றன. சிறு கடைக்காரர் விலையில் அவர்களை வெல்ல முடியாது. சரியான தோட்டா இன்று, இங்கே, கையில் கிடைக்கிறது என்ற வசதிதான் அவருக்கு உள்ள பலம்.

9 மி.மீ., .22 எல்.ஆர்., .223, 12 கேஜ் ஆகியவை எங்கும் ஓடும் சரக்கு. அவற்றுக்கு மேல் உங்கள் வட்டாரத்தில் எதை வேட்டையாடுகிறார்கள் என்பதே தீர்மானிக்கும். மான் வேட்டை ஊரில் .308, .30-06, 6.5 கிரீட்மோர் ஆகியவை இலையுதிர் காலத்தில் ஓடும். பருவம் முடிந்ததும் அப்படியே நின்றுவிடும். நீர்ப்பறவை வேட்டைக்கு ஈய ரவையை நாடு முழுவதும் 1991-92 பருவத்திலிருந்து தடைசெய்துவிட்டதால், வாத்து வேட்டைக்காரருக்கு எஃகு, பிஸ்மத், டங்ஸ்டன் ரவைத் தோட்டாக்களே வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் எந்த வேட்டைக்கும் ஈயத் தோட்டா கூடாது. இவை தெரியாமல் சரக்கு எடுத்தால் பணம் அலமாரியிலேயே உறங்கும்.

தேவை திடீரென்று ஏறி இறங்குவது இந்தத் தொழிலின் இயல்பு. 2012 இறுதியில் சாண்டி ஹூக் பள்ளிப் படுகொலைக்குப் பின் புதிய சட்டம் வருமோ என்ற அச்சத்தில் மக்கள் வாங்கிக் குவித்தார்கள். 2020-21இல் பெருந்தொற்றும் தேர்தலும் சேர்ந்து அலமாரிகளைக் காலியாக்கின. உற்பத்தி சிலர் கையில் குவிந்திருப்பதும் இதற்குக் காரணம். ஃபெடரல், சி.சி.ஐ., ரெமிங்டன், ஸ்பியர் ஆகிய நான்கு பெயர்களும் ஒரே நிறுவனக் குழுவுக்குச் சொந்தம். 2024 நவம்பரில் அந்தக் குழுவைச் செக் நாட்டின் சி.எஸ்.ஜி. வாங்கியது. வின்செஸ்டர் தோட்டா ஓலின் நிறுவனத்துடையது. பிரைமர் தயாரிக்கும் ஆலைகள் நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவை. விலை மலிவாக இருந்த ரஷ்யத் தோட்டாவுக்குப் புதிய இறக்குமதி அனுமதி 2021 செப்டம்பரிலிருந்து நின்றுவிட்டது. பற்றாக்குறையின் உச்சத்தில் கடன் வாங்கிக் குவித்தவர், விலை சரியும்போது வாங்கிய விலைக்கே விற்கத் திணறுகிறார். பற்றாக்குறைக் காலத்தில் ஒருவருக்கு இத்தனை பெட்டி என்று வரம்பு வைத்து, பழைய வாடிக்கையாளருக்கு நியாயமான விலையில் கொடுத்த கடையை ஊர் நீண்ட காலம் நினைவில் வைத்திருக்கும்.

அஞ்சலில் அனுப்பி விற்கலாமா?

அமெரிக்க அஞ்சல் துறை தோட்டாவை ஏற்பதில்லை. தனியார் கூரியர் நிறுவனங்கள் நிபந்தனைகளோடு தரைவழியே ஏற்கின்றன. சிறு ஆயுதத் தோட்டா யு.என். 0012 என்ற எண்ணின் கீழ் அபாயகரப் பொருளாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. ‘ஓ.ஆர்.எம்.-டி’ என்ற பழைய அடையாளம் 2021 தொடக்கத்தோடு ஒழிந்தது. இப்போது ‘வரையறுக்கப்பட்ட அளவு’ என்பதற்கான கறுப்பு வெள்ளைச் சாய்சதுரக் குறி இருக்க வேண்டும், ஒரு பெட்டியின் மொத்த எடை 66 பவுண்டைத் தாண்டக் கூடாது. பெட்டி கட்டும் ஊழியருக்கு அபாயகரப் பொருள் பயிற்சி அளித்து 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வாங்குபவர் வாழும் மாநிலத்தின் சட்டமும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

வரி எப்படி?

11 சதவீத ஃபெடரல் கலால் வரியை உற்பத்தியாளரோ இறக்குமதியாளரோ செலுத்திவிடுகிறார். அது நீங்கள் வாங்கும் விலையிலேயே அடங்கியிருக்கிறது. 1937ஆம் ஆண்டின் பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி அந்தப் பணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குச் செல்கிறது. நீங்கள் வசூலித்துக் கட்ட வேண்டியது மாநில, உள்ளூர் விற்பனை வரி. கலிஃபோர்னியாவில் 2024 ஜூலை முதல் சில்லறை விற்பனையாளர் மீதே இன்னொரு 11 சதவீத வரி இருக்கிறது. மிசிசிப்பி போன்ற மாநிலங்கள் ஆண்டில் ஒரு வார இறுதியில் விற்பனை வரியைத் தள்ளுபடி செய்கின்றன. அந்த நாட்களுக்குச் சரக்கு முன்கூட்டியே வேண்டும்.

ஊழியருக்கு என்ன கற்றுத்தர வேண்டும்?

அடையாள அட்டை பார்ப்பது முதல் பாடம் என்றால், தோட்டாவின் அளவை உறுதிசெய்வது இரண்டாவது. உயிரைக் காக்கும் பாடம் அது. 20 கேஜ் (எண் பெரிதானாலும் அளவில் 12 கேஜைவிடச் சிறியது) தோட்டா ஒன்று தவறுதலாக 12 கேஜ் துப்பாக்கிக்குள் போனால் குழலில் சற்று முன்னே நழுவிச் சிக்கிக்கொள்ளும். அறை காலியாக இருப்பதாக நினைத்துப் பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். 20 கேஜ் கூடுகளை மஞ்சள் நிறத்தில் தயாரிப்பதே இதனால்தான். அதேபோல .300 பிளாக்அவுட் தோட்டா .223 ரைபிளின் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும் பகுதியில்) பொருந்திவிடும், சுட்டால் துப்பாக்கி சிதறிவிடக்கூடும். “அண்ணா, அந்தச் சின்னது ஒரு பெட்டி குடுங்க” என்று கேட்பவரிடம், துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் அளவு என்ன என்று ஊழியர் திருப்பிக் கேட்க வேண்டும். தெரியவில்லை என்றால், பார்த்துவிட்டு வரச் சொல்ல வேண்டும். அலமாரியில் இந்த இணைகளை அருகருகே வைக்காதீர்கள்.

விற்ற தோட்டாவைத் திரும்ப எடுக்காதீர்கள். பெட்டிக்குள் இருப்பது அதே தோட்டாதானா, யாராவது நிரப்பியதா என்று உங்களால் அறிய முடியாது. பெட்டியின் தொகுதி எண்ணை ரசீதில் குறித்துவைக்கும்படி ஃபெடரல் சட்டம் கேட்கவில்லை. இருந்தும் குறித்துவையுங்கள், ஏனெனில் உற்பத்தியாளர் ஒரு தொகுதியைத் திரும்பப் பெறும்போது யாரை அழைக்க வேண்டும் என்பது தெரியும்.

மூன்றாவதாக, விற்பனையை மறுக்கும் உரிமை. கலங்கிய முகத்தோடு வந்து ஒரே ஒரு பெட்டி கேட்டு, துப்பாக்கியைப் பற்றி எதுவும் சொல்லத் தெரியாமல் நிற்பவரிடம் “இன்றைக்கு விற்க முடியாது” என்று சொல்ல ஊழியருக்கு முழு அதிகாரம் கொடுங்கள். முதலாளியைக் கேட்க வேண்டும் என்று தயங்கும் நிலை வேண்டாம். அந்த மறுப்புக்காக அவரை ஒருபோதும் கண்டிக்க மாட்டீர்கள் என்பதையும் வேலையில் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். இழப்பது சில டாலர் லாபம். காப்பது அந்த மனிதரின் உயிராகவும் இருக்கலாம்.

நான் விற்ற தோட்டாவால் குற்றம் நடந்தால் என்மேல் வழக்கு வருமா?

2005ஆம் ஆண்டின் ஆயுத வணிகப் பாதுகாப்புச் சட்டம், பிறர் செய்த குற்றத்துக்காகத் தொடுக்கப்படும் பல உரிமையியல் வழக்குகளிலிருந்து தோட்டா விற்பவரையும் காக்கிறது. உரிமம் இல்லாத தோட்டா வணிகரும் அதன் வரையறையில் வருகிறார். ஆனால் தெரிந்தே சட்டத்தை மீறி விற்றால், அல்லது ஆபத்து விளைவிப்பார் என்று தெரிந்தும் ஒருவரிடம் கொடுத்தால், அந்தப் பாதுகாப்பு விலகிவிடும். நியூயார்க், கலிஃபோர்னியா போன்றவை தங்கள் சட்டங்கள் வழியாக விற்பனையாளரின் பொறுப்பைக் கூட்டியிருக்கின்றன. எழுத்து வடிவிலான விற்பனை விதிகள், ஊழியர் கையெழுத்திட்ட பயிற்சிக் குறிப்பு, கேமராப் பதிவு ஆகியவை இருந்தால் நீதிமன்றத்தில் உங்கள் கவனத்தை நிரூபிக்க முடியும்.

கடையை மூட நேர்ந்தால் இருப்பை என்ன செய்வது?

திறக்காத பெட்டிகளை மொத்த விற்பனையாளர் திரும்ப எடுப்பாரா என்று கணக்குத் திறக்கும்போதே கேட்டுவைப்பது நல்லது. பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். வேறொரு கடைக்கு மொத்தமாக விற்பதே வழக்கமான வழி, மாநில உரிமம் தேவைப்படும் இடங்களில் வாங்குபவர் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். எஞ்சியதை வீட்டு வண்டிக்கூடத்தில் அடுக்குவதற்கு முன் தீயணைப்பு விதியையும் வீட்டுக் காப்பீட்டையும் பாருங்கள். துப்பாக்கி வணிகர் உரிமமும் வைத்திருந்தவர் தன் விற்பனைப் பதிவேடுகளை 30 நாட்களுக்குள் மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப். மையத்தில் ஒப்படைக்க வேண்டும். தோட்டா மட்டும் விற்றவருக்கு அந்தக் கடமை இல்லை. ஆனாலும் ரசீதுகளை வரிக்கணக்குக்காகவும், தொகுதி எண்களுக்காகவும் சில ஆண்டுகள் எடுத்துவையுங்கள்.